தண்ணீருக்கு வந்து சேராத வெப்பம்

அந்த வருடம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஏப்ரல் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் கணவரோடு நானும் அமெரிக்கா கிளம்பலாம். இல்லாவிட்டால் அவர் மட்டும் போவார். அப்போது ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்த பாதிப் பேர் விசாவும் கையுமாகத்தான் திரிந்தார்கள். எங்கள் கட்டிலடியிலும் ஒரு சூட்கேஸ் பாதி நிரம்பிக் கிடந்தது. நான்கு வருட உழைப்பு, ஐந்து அத்தியாயம். பாக்கி ஒரே ஒரு பரிசோதனை.

என் ஆய்வு மின்வில், அதாவது ஆர்க், எரியும் எதிர்முனையைப் பற்றியது. சொன்னவுடனே உறவுக்காரர்கள், "ஓ, வெல்டிங்கா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரல் கனத்துக்கு ஒரு டங்ஸ்டன் கம்பி, அதுதான் எதிர்முனை. அதன் முனையில் வில் எரியும்போது அயனிகள் வந்து மோதிச் சூடாக்கும். எலக்ட்ரான்கள் வெளியேறும்போது கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், வியர்வை காய்ந்தால் உடம்பு குளிர்கிற மாதிரி. கொஞ்சம் ஒளியாகப் போகும். மீதி கம்பி வழியே இறங்கி, அதைப் பிடித்திருக்கும் செம்புத் தாங்கிக்குள் ஓடுகிற தண்ணீரில் சேரும். வந்ததும் போனதும் சமமாக இருக்க வேண்டும். என் ஆய்வு மொத்தமும் அவ்வளவுதான்.

சமமாக இல்லை. தண்ணீரில் சேர்ந்த வெப்பத்தை அளந்தால், கணினி சொல்வதைவிட எப்போதும் ஒன்பது சதவீதம் குறைவு. வெப்பமானியை மாற்றினேன். வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்துத் தண்ணீரின் வேகத்தை நானே அளந்தேன். சனியன், அந்த ஒன்பது அசையவே இல்லை.

"வெப்பமானின்னா அப்படித்தாம்மா இருக்கும். ஒரு திருத்தக் காரணி போட்டுட்டு மேல போ," என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். போட்டேன். அந்த ஒன்பதை ஈடுகட்டும் எண்ணால் பெருக்கியதும் புள்ளிகள் எல்லாம் கோட்டின்மேல் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. அதை வைத்து இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்துக் கைத்தட்டலும் வாங்கினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கடைசிப் பரிசோதனையில் மின்னோட்டம் இரண்டு மடங்கு. கையிருப்பில் ஒரே ஒரு கம்பிதான். அது உருகினால் வெளிநாட்டிலிருந்து அடுத்தது வர எட்டு மாதம் ஆகும். 'முனை தாங்கும்' என்று படிவத்தில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை போட்டேன். பரிசோதனை வியாழக்கிழமை.

கையெழுத்துப் போட்ட கையோடு ஆரம்பித்தது அவஸ்தை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தற?" என்றார் கணவர்.

"அந்த ஒன்பது."

"அதான் சரி பண்ணிட்டியே?"

"சரி பண்ணலீங்க. மூடி வெச்சிருக்கேன்."

அவர் மடிக்கணினியைத் திறந்துகொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் உட்கார முடியாமல் எழுந்து பட்டறைக்குப் போனேன். எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குப் பின்னால்தான், நடந்தால் இரண்டு நிமிஷம். நான்கு வருடத்தில் நான் அங்கே போனது இரண்டே முறை, இரண்டும் ஆயுதபூஜைப் பொரிக்காக. எதிர்முனைகளைச் செய்து தருகிறவர் ஆம்பூர்க்காரர், ஹைதராபாத்துக்கு வந்து மல்லாபூரில் குடியேறி வெகுகாலம் ஆனவர். மறுநாளைக்கான கம்பியைத் தாங்கியின் துளைக்குள் நுழைத்து, மரச் சுத்தியால் நாலு தட்டுத் தட்டி, துணியால் துடைத்து வைத்தார்.

"வெள்ளி வெச்சு எப்பண்ணே ஒட்டுவீங்க?" என்றேன். கம்பியும் செம்பும் சேரும் இடத்தில் வெள்ளிக் கலவையை உருக்கி ஊற்றி ஒட்ட வேண்டும், வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.

"வெள்ளியா? நக்கோ, வேணாம் மேடம். அதெல்லாம் பண்றதில்ல."

"டிராயிங்ல இருக்கே!"

"டிராயிங்ல இருக்கும். கம்பி தேஞ்சா மாத்தணும்ல? ஒட்டிட்டா தாங்கியையே அறுக்கணும். அதான் டைட்டா தட்டி வுட்டுர்றது."

"எத்தன வருசமா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாலேர்ந்து. யாரும் கேக்கலியே மேடம்."

வந்ததே ஒரு கோபம்! ஆனால் யார்மேல் காட்டுவது? இரண்டு நிமிஷ நடை தூரத்தில் இருந்த ஆளிடம் நான்கு வருடமாக ஒரு வார்த்தை கேட்காதவள் நான்தானே.

ஓடி வந்து, கணினியில் கம்பிக்கும் செம்புக்கும் நடுவில், வெள்ளி நிரப்பாமல் விட்ட மயிரிழை இடைவெளி ஒன்றைக் கொடுத்தேன். காரணியை அழித்தேன். ஓடவிட்டுவிட்டு நகம் கடித்தேன். ஒன்பது காணாமல் போயிற்று. துள்ளிக் குதிக்காத குறைதான். அடுத்த வரியைப் பார்த்தேன். வெப்பம் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் கம்பியிலேயே தேங்கி, நாளைய மின்னோட்டத்தில் முனை உருகிவிடும். அதோடு, காரணியை நம்பி எழுதிய மூன்று அத்தியாயமும் தப்பு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கம்பி உருகினால் கம்பியின் தரத்தைத்தான் குறை சொல்வார்கள். உருகியதையே கடைசி முடிவாக எழுதி ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம், நானும் விமானம் ஏறுவேன். ஒரு டீ ஆறுகிற நேரம் அதைத்தான் யோசித்தேன் என்பதை மறைப்பானேன்.

பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இதைத் திரும்ப எழுதினா ஏப்ரல்ல எப்படிக் கொடுப்ப? வீட்டுக்காரர் கிளம்பறார்ல?"

"அவர் போகட்டும் சார்," என்றேன். படிவத்தை வாங்கி என் கையெழுத்தை நானே அடித்தேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் கட்டிலடியிலிருந்த சூட்கேஸை வெளியே இழுத்து வைத்தார். பிறகு, "நாலு வருசம் இருந்த தப்பு, இன்னும் ஒரு மாசம் இருந்தா என்ன?" என்றார்.

"இருக்கக் கூடாது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். மே மாதம் பேகம்பேட்டை விமான நிலையத்தில் அவர் மட்டும் உள்ளே போனார்.

ஆகஸ்டில் அந்தக் கம்பியை ஆம்பூர்க்காரர் வெள்ளி வைத்து ஒட்டினார். "அறுக்கறப்ப நீங்கதான் வந்து அறுக்கணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஒட்டினார். இரண்டு மடங்கு மின்னோட்டம். முனை உருகாமல் நின்றது. தண்ணீரின் கணக்கும் என் கணக்கும் ஒன்றாக வந்தன. ஆம்பூர்க்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மறுநாள் காலை டெலிபோன் பூத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, அந்த ஒன்பது இத்தன நாளா எங்கதான் போயிட்டிருந்துச்சு?" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அவர் கேட்ட முதல் கேள்வி. கண் கரித்துக்கொண்டு வந்தது. அந்த மயிரிழை இடைவெளியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். வெளியே வரிசையில் நின்றவர் பூத்தின் கண்ணாடிக் கதவைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை.