பரீட்சைக்குச் சொன்ன பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காரைக்குடியில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்று அங்கே கல்யாணம் இல்லை. உள்ளூர் தொலைக்காட்சி ஒன்றின் வினாடி வினா படப்பிடிப்பு. போட்டியாளர் என் மனைவி. நான் துணைக்குப் போனவன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். எண்ணி முடித்ததும் கவலைப்படுவேன். பேருந்தில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, பிரேக் பிடிக்குமா என்று கவலைப்படுவேன். தொலைக்காட்சியில் வினாடி வினா ஓடும்போதும் இதே வேலைதான். பத்துப் பேர் வந்தால் அதில் பெண்கள் மூன்று பேர், சில நாள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் பொத்தானை அழுத்தத் தயங்குவார்கள். ஆண்கள் கேள்வி முடிவதற்குள் அழுத்திவிட்டு, அப்புறம் விட்டத்தைப் பார்த்து யோசிப்பார்கள்.

"பொம்பளைகளுக்குத் துணிச்சல் பத்தல" என்று ஒருநாள் சொன்னேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. "தெரியாததைச் சொல்ல ஆம்பளைக்கு வெக்கமில்ல. தெரிஞ்சதைச் சொல்லவும் பொம்பளைக்கு வெக்கமா இருக்கு. இதுல துணிச்சல் எங்க வந்துச்சு?" என்றாள்.

அவள் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தவள். தொலைக்காட்சியில் கேள்வி வந்தால், தொகுப்பாளர் வாய் திறக்கும் முன்னே அடுப்படியில் இருந்து விடை வரும். போட்டிக்கு விண்ணப்பித்ததை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நூறு கேள்வி கேட்பேன் என்று தெரியும். தேர்வாகிவிட்டதாக ஃபோன் வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? அங்க போயி மயக்கம் கியக்கம் வந்தா?" என்றேன்.

"மயக்கம் வந்தா பக்கத்துல நீங்க இருக்கீகள்ல? முப்பது வருசம் நான் கேள்வி கேட்டேன். ஒரு நாளாச்சும் என்னைய யாராவது கேக்கட்டுமே!" என்றாள். ஜெயிப்பவர் சென்னையில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். அந்தப் போட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துணைக்குக் கிளம்பினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி அன்றுவரை நாற்பத்து மூன்று வருடங்களில் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் என் பெயர் கொண்ட பையன்களை இனிஷியலை வைத்தே கூப்பிடுவாள். "படிச்சவ நீயே இப்படியா?" என்று கேலி செய்வேன். "படிப்பு வேற, இது வேற" என்பாள். போட்டிக்கு முந்தின வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது, நோயாளியின் பெயர் என்ன என்று வரவேற்பில் கேட்டிருக்கிறார்கள். நான் வலியில் துடிக்க, இவள் பையைக் கவிழ்த்து என் ஆதார் அட்டையைத் தேடி எடுத்து நீட்டியிருக்கிறாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன். பெயரைச் சொல்லாததால்தான் பிழைத்தேன் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் மட்டும் நான் கை வைத்ததில்லை.

மண்டபத்தில் சத்தம் வரக்கூடாது என்று ஏசியை நிறுத்திவிட்டார்கள். விளக்குகளின் சூடு வேறு. போட்டியாளர்கள் பன்னிரண்டு பேர், அதில் பெண்கள் நான்கு. முன்வரிசையில் உட்கார்ந்த துணையாட்களுக்கு ஒரே ஒரு கட்டளை: பேசக்கூடாது, கை காட்டக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது. மீறினால் நம்மோடு வந்த போட்டியாளரை வெளியேற்றிவிடுவார்கள். எனக்கோ சும்மா இருந்தாலே தலை ஆடும். ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்தேன்.

போட்டி நான் வீட்டில் பார்த்தது போலவேதான் நடந்தது. ஆண்கள் பொத்தானை அடித்து நொறுக்கினார்கள். சரியான விடைக்கு ஏறும் மதிப்பெண் தவறான விடைக்கு இறங்கவும் செய்தது. பெண்கள் முழுக் கேள்வியையும் கேட்டு, உறுதியான பிறகே அழுத்தினார்கள். பாதி நேரம் அதற்குள் வேறொருவர் அழுத்தியிருப்பார். என் மனைவி குறைவாகத்தான் விடை சொன்னாள். ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் மேடையில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். சாக்கோட்டைப் பக்கத்தில் இருந்து வந்த, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். அப்புறம் இவள். இருவருக்கும் சம மதிப்பெண். ஒரே ஒரு கேள்வி பாக்கி.

அது ஒரு பழைய அரசரைப் பற்றிய கேள்வி. என்ன கேள்வி என்று எழுதினால் என் பெயர் தெரிந்துவிடும். அதனால் எழுதவில்லை.

கேள்வி பாதிகூடத் தாண்டவில்லை, இவள் பொத்தானை அழுத்திவிட்டாள். அன்று முழுவதும் அவள் அவசரப்பட்டது அந்த ஒரு முறைதான். முகமெல்லாம் சிரிப்பு. வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சிரிப்பு மெல்ல இறங்கியது. யாருடைய பெயர் அது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எனக்கும்.

விடை சொல்ல அரை நிமிடம். மேடையில் இருந்த கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

"சொல்லுங்கம்மா" என்றார் தொகுப்பாளர்.

"எழுதிக் காட்டவா?"

"வாயாலதாம்மா சொல்லணும். அதுதான் விதி."

இவள் கையை நீட்டி என்னைக் காட்டினாள். "அந்தா, முன்னால உக்காந்திருக்காகளே... அவுக பேருதான்."

ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஐயோ பாவம், பேரச் சொல்லச் சொல்றாங்கடி!" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. 'சொல்லு, எனக்கு ஒன்றும் ஆகாது' என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவளை வெளியேற்றிவிடுவார்கள். தலையாட்டினாலும் அப்படித்தான். கண்ணைக்கூடச் சிமிட்டப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். ஸ்டென்ட் வைத்த இடத்தை.

தொகுப்பாளர் நல்ல மனிதர்தான். ஆறுதலாக, "தெரியலைன்னா பரவாயில்லம்மா. இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயம்" என்றார்.

அவ்வளவுதான். இவள் சடாரென்று அவர் பக்கம் திரும்பினாள். "தெரியலையா? நாப்பத்து மூணு வருசமாத் தெரியும்யா!"

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அந்தக் குரலில், என் பெயரைச் சொன்னாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் எழவில்லை, கால்கள் தாமாக எழுந்துகொண்டன. மடியில் இருந்த ஃபிளாஸ்க் உருண்டு போனது.

"சரியான விடை!" என்ற தொகுப்பாளர் என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க ஏன் எந்திரிச்சீங்க?" என்றார்.

"டீச்சர் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றேன். போட்டி முடிந்துவிட்டதால் நான் பேசியது குற்றமாகவில்லை. மண்டபமே கைதட்டியது. அந்தச் சாக்கோட்டை இளைஞர் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நீங்க யோசிச்சதைப் பாத்து, எனக்குத்தான் கிடைக்கப் போகுதுன்னு நெனச்சிட்டேம்மா" என்றார். இவளும் சிரித்தாள். ஆனால் மேடையில் இருந்து இறங்கியதுமே அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நாடி பார்க்கிற பிடி.

வெளியே வந்ததும் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். வீட்டுக்கு என்று நினைத்து ஏறினேன்.

"குன்னக்குடிக்குப் போப்பா" என்றாள்.

வழி முழுக்க என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெயித்த பெண் மாதிரியே இல்லை. நான்தான் கேட்டேன். "சந்தோசம் இல்லையா?"

"இருக்கு. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா உங்களுக்கு?"

"பசிக்குது."

"நெசமா வலிக்கலையே?"

மலைப்படியில் என்னை மெதுவாக நடத்தி, இடையிடையே உட்கார வைத்து, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கூட்டிப் போனாள். முருகன் சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நட்சத்திரத்தைச் சொன்னவள், முழங்கையால் என்னை இடித்தாள்.

"பேர நீங்க சொல்லுங்க."

"காலையில ஊருக்கே கேக்கச் சொன்னியே?"

"அது பரீட்சைக்கு. இது சாமிக்கு" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. சிரிக்க வாய் திறந்தவன் சிரிக்காமல் என் பெயரை நானே சொன்னேன். என் ஆயுளுக்காக அவள் கண்ணை மூடி நின்றாள். அன்று காலை அவள் எதைப் பணயம் வைத்தாள் என்பது எனக்கு முழுதாக உறைத்தது அங்கேதான். பக்கத்து நாற்காலி இளைஞருக்கு அந்த அரசர் பெயர் வெறும் விடை. தப்பினால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இவளுக்கோ, சரியாகச் சொன்னால்தான் எல்லாம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் சொன்னாள்.

சென்னையில் அவள் முதல் பரிசு வாங்கவில்லை. நான்காவதாக வந்தாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். அதை மட்டும் காலையில் எழுந்ததும் ஒரு பார்வை பார்த்து உறுதி செய்துகொள்கிறாள். என் பெயரை மறுபடி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் இருவரும் சேர்ந்துதான் வினாடி வினா பார்க்கிறோம். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு பெண் தயங்கினால், வந்திருக்கும் விருந்தாளி யாராவது, "அந்தம்மாவுக்குத் தெரியல போல" என்பார். நான் பதில் சொல்வதில்லை. தெரியாமல் இருப்பதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பாரம் இருக்க முடியும் என்பதை, எழுபது வயதில், என் பெயரை அவள் வாயால் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.