அப்பாவின் பகல் தூக்கம்

என் அப்பா குறட்டை விட்டதெல்லாம் பகலில்தான். கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஓசூர்க் கம்பெனி ஒன்றில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டினார். எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தாரென்றால் ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் சிமெண்ட் ஷீட் அதிரும். நெடுஞ்சாலை லாரிகளையும் மீறி அந்தச் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டில் தளியிலிருந்து வந்த கன்னடக்கார அக்கா இருந்தார். "உங்க யஜமானரு தூங்கறாரா, மாவு மில்லு ஓட்டறாரா?" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா அங்கே சிரித்துவிட்டு, உள்ளே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

புதுக்கோட்டையிலிருந்து சித்தப்பா போனிலேயே வைத்தியம் சொன்னார். மூக்கில் நெய் விட்டுப் பார்த்தாயிற்று. மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வரும் என்றதும், பனியனின் முதுகுப் பக்கம் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்தாள் அம்மா. அது என்னுடைய பந்து. அப்பா அதன் மேலேயே மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். பந்துதான் நசுங்கியது.

அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். கோடை விடுமுறை. அம்மா அத்திப்பள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவை எழுப்பிவிடக் கூடாது, டிவி போடக் கூடாது என்பது உத்தரவு. வேறு வழியில்லாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடும், மூச்சு வராது. நான் அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பேன். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல ஒரு பெருமூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். நின்றுபோன பஸ்ஸைத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற விளையாட்டு அது எனக்கு. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தூங்குகிறவரைத் தொந்தரவு செய்ததற்குத் திட்டு விழும்.

விடுமுறையின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா அம்மாவையும் என்னையும் பைக்கில் ஓசூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். வண்டி சாலையை விட்டு இறங்கி மண்மேட்டில் சாய்ந்தது. அம்மாவுக்கு முழங்கையில் ரத்தம். ஓடி வந்தவர்கள் அப்பா குடித்திருப்பதாக நினைத்துத் திட்டினார்கள். ஒருவர் வாயைத் திறந்து ஊதச் சொன்னார். அப்பா ஊதிக் காட்டினார். "காலைலேர்ந்து தூங்கினேனே, நல்லாத் தூங்கினேனே" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே அம்மா அவரைக் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தை நாடாவால் அளந்தார். பிறகு அம்மாவிடம், "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா?" என்று கேட்டார்.

"தெரியலைங்களே. அவரு தூங்கறப்ப நான் வேலைக்குப் போயிருவேன்."

"நிக்கும்," என்றேன் நான். "நான்தான் கால் வெரல இழுத்து விடுவேன்."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் யாருக்கும் தெரியாத கேள்விக்கு விடை சொன்னதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா ஏனோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தூங்கறப்ப தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதைய அடைச்சிடுது," என்றார் டாக்டரம்மா. "மூச்சு கெடைக்காம மூளை அவரைத் தட்டித் தட்டி எழுப்புது. அது அவருக்கே தெரியாது. எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் அது தூக்கக் கணக்குல வராது." பெங்களூரில் தூங்கவைத்துப் பரிசோதனை செய்ய வேண்டும், மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் மெஷின் வாங்க வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், அதுவரை பைக்கையும் பிரஸ்ஸையும் தொடவே கூடாது என்றார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கம்பெனிக்குத் தெரியாமப் பண்ண முடியுங்களா?"

"பிரஸ்ல கை போச்சுன்னா மட்டும் தெரியாம இருக்குமா?" என்றார் டாக்டரம்மா.

அப்பா கான்ட்ராக்ட் ஆள். வியாதி என்று தெரிந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவர் யாரிடமும் சொல்லவில்லை. பைக்கை மட்டும் விற்றுவிட்டு அதே பிரஸ்ஸுக்குப் போய்வந்தார். பரிசோதனை தள்ளிக்கொண்டே போனது. மெஷின் வீட்டுக்கு வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். கை தப்பியது, இதயம் அதற்குள் களைத்துப்போயிருந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்றார்கள் உறவினர்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கோடை முடிந்து பள்ளி திறந்த நாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிடாமல், என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

"இன்னிலேர்ந்து பகல்ல நீ இருக்க மாட்டல்ல பாப்பா?"

"சாயங்காலம் வந்துருவேன்ப்பா."

"ஆமாமா, வந்துருவ."

மற்ற அப்பாக்கள் எல்லாம் போன பிறகும் அவர் பள்ளிக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் ஜன்னல் வழியாக, "வீட்டுக்குப் போய்த் தூங்குப்பா" என்று கத்தினேன். தலையாட்டினார், நகரவில்லை. என்னைப் பிரிய எங்கள் அப்பாவுக்கு மனசே வரவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் பீற்றிக்கொண்டேன். தூங்குவதற்குப் பயந்தும் ஒரு மனிதர் அப்படி நிற்கக்கூடும் என்று அந்த வயதில் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?