யமுனாவின் ஜெனரேட்டர்

செம்மேட்டில் காளியண்ணனின் கொட்டகையைத் தெரியாதவர்கள் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மலை ஏறி வரும் சுற்றுலாக் கூட்டம் நின்றுவிடும். கடைக்காரர்கள் ஜெனரேட்டர்களையும், விவசாயிகள் தண்ணீர் இறைக்கும் சின்ன இன்ஜின்களையும் மழை முடியும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவன் பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துச் சுற்றவிடுவான். பிறகு பலகைமேல் ஏற்றிக் கோணி போர்த்திவிடுவான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். இன்ஜின்களோடு பேசுகிறான் என்று ஊரில் கேலி செய்வார்கள். உண்மைதான், பேசுவான்.

போன ஐப்பசியில் யமுனா ஜீப்பில் ஒரு ஜெனரேட்டரோடு வந்து இறங்கினாள். அப்போது கரண்டு வராத வாசலூர்பட்டி ஏரிக்கரையில் அன்னாசி ஜூஸ் கடை வைத்திருப்பவள். அவளும் தனி ஆள்தான்.

"பத்திரமாப் பாத்துக்குவீங்களா?"

"புள்ளையாட்டம் பாத்துக்கறனுங்க."

அடுத்த சந்தை நாளில் பையும் குடையுமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க, என்ற ஜெனரேட்டர் எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத் தூங்குதுங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் காளியண்ணன் ஒரே இன்ஜினுக்கு மறுபடி மறுபடி ஆயில் விட்டான்.

அதன்பின் ஒரு சந்தை தவறாமல் வந்தாள். சந்தை நாள் என்றால் அவன் விடியலிலேயே சவரம் செய்துகொண்டு, வாசலைப் பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கிக்கொண்டு நின்றான். ஆலத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடும் மாணிக்கம், தன் இன்ஜினைப் பார்க்க வந்த இடத்தில் கத்தினார்:

"ஏப்பா காளி, என்ற இன்ஜினுக்குக் கோணி, அந்தம்மாளுதுக்கு மட்டும் பூப்போட்ட போர்வையா?"

"அதுக்குச் சீக்கிரம் சளி புடிச்சுக்குமுங்க!"

தை பிறந்தது. எல்லாரும் வந்து எடுத்துப் போனார்கள். யமுனா மட்டும் வரவில்லை. சந்தைக்கும் வரவில்லை. காளியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மாணிக்கத்தின் ஜீப்பில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு அவனே வாசலூர்பட்டிக்குப் போனான்.

கடையில் ஒரே கூட்டம். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான், ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்டு வந்துருச்சுங்களா? எப்பங்க?"

"கார்த்திகையிலயே இழுத்துட்டாங்க. கூட்டத்துல கடைய உட்டுட்டு வர முடியலீங்க."

கார்த்திகைக்குப் பிறகும் அவள் கொட்டும் மழையில் வந்து நின்றது அவன் நினைவுக்கு வந்தது.

"அப்பறம் எதுக்குங்க வாராவாரம் வந்து அதைப் பாத்தீங்க?"

"அதைப் பாக்கத்தான் வந்தன்னு யாருங்க சொன்னாங்க?"

முதலில் அவன் சிரித்தான், பிறகு அவள். சிரித்த சிரிப்பில் மிக்ஸியின் மூடியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். அன்னாசிச் சாறு எழும்பி, வரிசையில் நின்றவர்கள் முகத்திலெல்லாம் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்களும் சிரித்தார்கள்.

"யோவ், இதை எறக்கறதா வேண்டாமா?" என்று ஜீப்பிலிருந்து மாணிக்கம் கேட்டார்.

"எறக்குங்க" என்றாள் யமுனா. "வேண்டாமுங்க, கொட்டகையிலயே இருக்கட்டும்" என்றான் காளியண்ணன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் டீ குடிச்சுட்டு வாரேன்."

வைகாசியில் கல்யாணம். மாலையைக்கூடக் கழற்றாமல் இருவரும் ஏரியில் பெடல் படகு ஏறினார்கள். காளியண்ணன் முன்பக்கமாக மிதிக்க, யமுனா பின்பக்கமாக மிதிக்க, படகு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கரையில் நின்று சொந்தக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இருவர் காதிலும் விழவில்லை.