பொமரேனியனுக்குப் பத்தியம்

எங்கள் வீட்டுப் பொமரேனியன் சினையானபோது, என் மகளின் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்து முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதனால் எல்லாம் தயாராகவே இருந்தன. துவைத்து மடித்த பழைய வேட்டிகள், கம்பளி, மிச்சமான சத்து மாத்திரைகள், எல்லாவற்றுக்கும் மேல் என் மனைவியின் அனுபவம். மகளும் பேரனும் பெங்களூர் போன பிறகு அந்த அனுபவம் செலவாக வழியின்றி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

குட்டி வேண்டும் என்பது நாங்களாக எடுத்த முடிவல்ல. அரியலூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபியைக் குடித்துவிட்டு, "ஒரு தடவையாச்சும் குட்டி போட வுட்ரணுங்க, இல்லாட்டி வவுத்துல கட்டி வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னவர்களில் ஒருவரும் நாய் வளர்த்ததில்லை. நான் வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் படித்த கதைகளில் பிரசவம் என்பது மூடிய கதவு, ஓர் அழுகுரல், அத்தோடு அத்தியாயம் முடிந்தது. அதற்கு மேல் என் படிப்பு செல்லாது.

நாய்க்குப் பார்த்த மாப்பிள்ளை ஆலத்தியூர். அவனை வளர்த்தவர் சிமெண்டு ஆலை ஊழியர். வெள்ளை என்று போனில் சொல்லியிருந்தார். நேரில் சாம்பலாக இருந்தான். "எங்க ஊரு தூசி சார். குளிப்பாட்டுனா ஜம்முனு ஆயிடுவான்" என்றார். முதல் குட்டி மாப்பிள்ளை வீட்டுக்கு என்று பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து அவருக்கு நான் சார் இல்லை, சம்பந்தி.

மகளுக்கு எழுதிக்கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையைப் பாதியாக உடைத்து, தயிர்சாத உருண்டைக்குள் வைத்துத் தினமும் ஊட்டினாள் என் மனைவி. "புள்ளத்தாச்சிக்கு எலும்பு பலமா இருக்க வாணாமா?" என்றாள். எனக்கும் சரியாகவே பட்டது. அவள் மறந்த நாளில் நான் ஊட்டினேன். அந்த உருண்டைக்காக என் காலடியில் வந்து நின்று வாலாட்டும் அழகைப் பார்த்தால் யாரும் ஊட்டுவார்கள்.

குட்டிகள் நான்கும் சிரமமில்லாமல் பிறந்தன. மகளின் பிரசவத்தில் செய்ததையே இப்போதும் செய்தேன். வெளியே நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு பத்தியம் ஆரம்பித்தது. ஃபேன் நிறுத்தப்பட்டது, ஜன்னல் சாத்தப்பட்டது. பூண்டுக் குழம்பில் பிசைந்த சோறு. தண்ணீர் மட்டும் அளவாக. "பச்சத்தண்ணி குடிச்சா ஒடம்பு ஊதிடும்" என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். நாய்க்கு விலக்கு அளிக்கப்படவில்லை. அது காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து என்னைப் பார்க்கும். நான் மனைவியைப் பார்ப்பேன். அவள் இருவரையும் பார்ப்பாள். நானும் நாயும் எங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுவோம்.

குட்டிகள் கண் திறந்து கொழுக்கட்டைகளாக உருண்டுகொண்டிருந்த ஒரு மத்தியானம், நாய் எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. கால்கள் கட்டைபோல விறைத்தன. உடம்பு முழுதும் உதறியது. கண்கள் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தன.

"என்னங்க, ஜன்னி கண்டுருச்சுங்க!" என்றாள் மனைவி. கம்பளியை எடுத்துவந்து இருவரும் சேர்ந்து இறுக்கமாகச் சுற்றினோம். உதறல் கூடியது. இன்னொரு போர்வையும் சுற்றி, ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தொட்டுப் பார்த்ததுமே, "மொதல்ல கம்பளிய எடுங்க சார். உடம்பு கொதிக்குது, நீங்க இன்னும் வேக வைக்கிறீங்க" என்றார். "எத்தனை குட்டி? பால் குடிக்குதா?" என்றவர், "சினையா இருக்கப்ப கால்சியம் ஏதாச்சும் கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் வுடாம கொடுத்தோம் டாக்டர்" என்றாள் மனைவி, பாராட்டை எதிர்பார்த்து.

"அதுவும் ஒரு காரணம்மா. வெளியிலேர்ந்து தெனமும் வந்தா, தன் எலும்புலேர்ந்து எடுக்கறத உடம்பு மறந்துடும். இப்ப நாலு குட்டியும் பாலுல உறிஞ்சறப்ப, ரத்தத்துல கால்சியம் இல்லாம போச்சு. பொமரேனியன் மாதிரி சின்ன சாதி நாய்ங்களுக்கு இது உயிர்போற விஷயம்."

ஊசியைக் காலில் ஏற்றினார். ஒரு கையால் மருந்தைத் துளித்துளியாகச் செலுத்திக்கொண்டே மறு கையால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தார். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். "வேகமா போட்டா இதயம் நின்னுடும். கொஞ்சம் பேசாம இருங்க."

மனைவி மட்டும் முணுமுணுத்தாள். கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்கள் உண்டு. "இனிமே இதுக்குப் புள்ளையே வாணாம் சாமி, இது பொழச்சா போதும்" என்று அவரை வேண்டிக்கொண்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மருந்து இறங்க இறங்க உதறல் அடங்கியது. கால்கள் தளர்ந்தன. நாய் தலையைத் தூக்கி முதலில் டாக்டரம்மாவை முகர்ந்தது, பிறகு என் சட்டைப்பையை. தயிர்சாத உருண்டையைத் தேடியிருக்கலாம். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

குட்டிகளுக்கு இனி பாட்டில் பால், தாய்க்கு வேளை தவறாமல் மருந்து, பூண்டு கூடவே கூடாது, கிண்ணம் நிறையத் தண்ணீர் என்று உத்தரவு. கட்டி வரும் என்பதைப் பற்றியும் கேட்டேன். "குட்டி போட்டா வராதுன்னு யாரு சார் சொன்னது? கருப்பைய எடுத்துட்டாதான் நல்லது" என்றார்.

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னோம். "எனக்கும் இப்படித்தானே தண்ணி கொடுக்காம காய வச்சே? தண்ணி கொடுன்னு சொல்ல நாய்க்கு ஒரு டாக்டர் கெடச்சுது. எனக்கு யாரு இருந்தா?" என்றாள். என் மனைவி போனை என்னிடம் தள்ளினாள்.

குட்டிகள் பால் மறந்ததும் சம்பந்தி வந்து, பேச்சுப்படி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டார். மாப்பிள்ளை மாதிரியே இருப்பதாகச் சந்தோஷப்பட்டார். போகும்போது கேட்டார்: "அடுத்த தடவையும் நம்ம பயதானே?"

"பயலுக்கு வேற எடம் பாருங்க சம்பந்தி" என்றாள் மனைவி. "எங்க பொண்ணுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். சாமிக்கு வாக்குக் கொடுத்தாச்சு."

பேச்சின் நடுவே கிண்ணம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நான் நிமிர்வதற்குள் அவள் செம்போடு எழுந்திருந்தாள்.