வரிசையில் முதல் கடிதம்

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, முகாமின் மின்னஞ்சலைக் கவனிக்கும் மெயிலக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறார். நின்றபடியே ஒரே ஒரு வரியைத் தட்டுகிறார். எங்களுக்கு வந்ததையெல்லாம் கொடுங்கள் என்று நகரத்து அலுவலகத்துக் கணினியிடம் கேட்கும் வரி அது. கேட்காமல் அது எதையும் கொடுக்காது. “அவரு பெரிய மனுஷன். நாமதான் எழுப்பணும்” என்பார். உட்கார்ந்துகொண்டு எழுப்புவது மரியாதை இல்லையாம்.

மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் இந்த முகாமில் இருநூறு பேர். கூரையில் இருக்கும் டிஷ் வழியாகக் காலை பதினொன்றுக்கு ஒரு மணி நேரம், மாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரம் லைன் கிடைக்கும். அதுவரை எல்லோருடைய மின்னஞ்சலும் நகரத்தில் காத்துக் கிடக்கும். ஐந்து நாளுக்குள் வாங்காவிட்டால், ‘பெற்றுக்கொள்ளப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். முகாமின் தொலைபேசியோ அந்த நகரத்து அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் பேசாது.

மெயிலக்காவுக்கு வந்த வரிசைதான் வரிசை. தலைமைப் பொறியாளர் ஒருமுறை தன்னுடையதை முதலில் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். “உங்களுக்கு முன்னாடி சமையல்காரருக்கு வந்திருக்கு சார்.” சமையல்காரருக்கு வந்திருந்தது வழுக்கைக்கு மருந்து விளம்பரம். பொறியாளர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

மெயிலக்காவுக்கு ஒரே தம்பி, கடல் தாண்டி இருக்கிறான். தூக்கி வளர்த்தவர் என்ற உரிமையில் அவனுடைய கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றார். எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் மனசு கேட்காமல் எழுதினார்: ‘என்னமோ பண்ணு. படம் அனுப்பு.’ அவர் அகராதியில் அது ஆசீர்வாதம். மறுநாளே மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்தார். படத்துக்குச் சட்டம் வாங்கி இழுப்பறையில் வைத்தார். அந்த ஆணியில் காலண்டர் மாட்ட வந்த ஸ்டோர்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்த வாரம் காற்றும் மழையும் டிஷ்ஷைத் திருப்பிவிட்டன. ஐந்து நாள் லைன் இல்லை. ஆறாம் நாள் பதினொன்றுக்கு உயிர் வந்தது, ஆனால் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. வரிசையில் முதலில் நின்ற கடிதமோ பெரிய கடிதம், கால் மணி நேரம் கேட்டது. பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை இப்படியே போயிற்று.

வாசலில் வெடிக்காரர் நின்றிருந்தார், பாறைக்கு வெடி வைப்பவர். அவர் மனைவி இரட்டைக் கைக்குழந்தைகளோடு ஊரில் தனியாகத் திண்டாடுகிறாள். வீட்டுக்குப் பக்கத்துக் குவாரியில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. போன வாரமே அவர்கள் எழுதியிருந்தபடி, அனுப்பியிருக்கும் படிவத்தை அன்று பகல் பன்னிரண்டுக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

“வந்துடும்ல, அக்கா?”

மெயிலக்கா தொலைபேசியை எடுத்தார். நகரத்து அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்பவரை ஒன்பது வருடமாகக் குரலாக மட்டுமே தெரியும்.

“அண்ணே, முன்னாடி நிக்கிறது யாருக்கு?”

“உங்களுக்குத்தாம்மா. உங்க தம்பி அனுப்பினது. அதுதான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது.”

மெயிலக்கா ஆணியைப் பார்த்தார்.

“அதை ஓரமா எடுத்து வைங்க.”

“வைக்கலாம். ஆனா பன்னெண்டு மணியோட அஞ்சு நாள் முடியுது. தானா திரும்பிப் போயிடும். தடுக்க என் கையில ஒண்ணும் இல்ல.”

தம்பியை மெயிலக்காவுக்குத் தெரியும். அக்கா படத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்பான். நினைத்தால் நினைத்ததுதான், அதில் அவன் அக்காவைக் கொண்டு பிறந்தவன்.

“தெரியும். வைங்க.”

“தம்பிக்கு நான் ஒரு வரி எழுதிப் போடட்டுமா?”

“வேண்டாம். எங்க வீட்டு விஷயம். நானே எழுதிக்கறேன்.”

எழுந்து நின்று அந்த வரியைத் தட்டினார். ஆறு நிமிடத்தில் முப்பத்தொரு கடிதங்கள் பொலபொலவென்று விழுந்தன. வெடிக்காரருடையது பதினோராவது. அவர் விவரங்களைச் சொல்லச் சொல்ல மெயிலக்கா படிவத்தை நிரப்பினார். பெயரைக் கேட்டபோது மனிதர் மனைவி பெயரைச் சொன்னார். திருத்தி அனுப்பியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிறகு மெயிலக்கா தம்பிக்கு எழுதத் தொடங்கினார். ‘நீ அனுப்பினது பெரிசா இருந்ததால’ என்பதோடு லைன் போய்விட்டது; இந்த முறை திரும்பி வரவில்லை. இனி நாலு மணிக்குத்தான்.

வெடிக்காரர் வாசல் வரை போய்த் திரும்பினார். “கல்யாணப் படம் வந்துச்சா, அக்கா?”

“வரிசையில இருக்கு.”

வரிசை விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. வெடிக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஓயும் வரை மெயிலக்கா நின்றுகொண்டே இருந்தார். பிறகு நாற்காலி முதுகிலிருந்து கைப்பையை எடுத்து, ஆணியில் மாட்டினார்.