பொட்டு வைத்த ஃபில்டர்

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான். ஊர் சிவப்பு என்று சொல்வதெல்லாம் என் கண்ணுக்கு இருட்டடித்த மாதிரி இருக்கும். விவேக் நகரில் எங்கள் வீட்டு வாசலிலேயே, சிவப்பாய்ப் பூக்கும் ஒரு குல்மோகர் மரம். ஏப்ரல் பிறந்தால் போதும், போகிறவர் வருகிறவரெல்லாம் வண்டியை நிறுத்திப் படமெடுப்பார்கள். துணி காயப்போட மாடிக்குப் போகும் மனைவி, "இந்த வருஷம் மரமே தெரியலங்க, வெறும் பூதான்" என்பாள். எனக்கோ மரம் மட்டும்தான் தெரியும். என்ன பெரிய பூ என்று கடுகடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். ஆனாலும் ஒரே ஒரு தடவையாவது அதைப் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கினேன்.

அப்போதுதான் அகச்சிவப்புப் படங்களைப் பற்றிப் படித்தேன். எந்த மனுஷக் கண்ணுக்கும் படாத ஒளி அது; அதில் இலைகள் பளீரென்று வெளுத்துத் தெரியுமாம். யாருக்குமே தெரியாத சிவப்பு என்றதும் எனக்குப் பரம சந்தோஷம். இந்த ஒரு விஷயத்திலாவது ஊரே என் கட்சி. பழைய கேமராவைச் சிவாஜிநகரில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து, அந்த ஒளியைத் தடுக்கும் உள்கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கல்யாண மேடை விளக்குகளுக்குப் போடும் கலர் தாள்களை வாங்கிவந்து லென்ஸ் அளவுக்கு வெட்டினேன். சிவப்புத் தாள்தான் இதற்கு ஃபில்டர்.

எது சிவப்பு? அதுதானே என் பிரச்சினையே. ஞாயிறு தவறாமல் எடுத்தேன். ஒரு படமும் தேறவில்லை. எல்லாம் சும்மா கதை என்று புலம்பியபோது மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது பச்சைங்க. கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சிரிச்சது போதும். சிவப்பு எது, எடு."

எடுத்தாள். ஓரத்தில் தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். "இனிமே பொட்டு வச்சதுதான் சிவப்பு. கண்ணால பாக்காதீங்க, தடவிப் பாருங்க."

மறுநாள் காலையில் அவளை மரத்தடியில் நிற்கவைத்து எடுத்தேன். வீட்டுக்குள் வந்ததும் லேப்டாப்பில் போட்டு, இலையைத்தான் வெள்ளையாக எடுத்துக்கொள் என்று அதற்குக் கணக்குச் சொல்லி, சிவப்பு இருக்கும் இடத்தில் நீலத்தை மாற்றிப் போட்டேன். நீலம் எனக்கு நன்றாகவே தெரியும்.

மரம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அதன்மேல் கிளைக்குக் கிளை நீலப் பூ, கொத்துக் கொத்தாக. எங்கள் ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது.

"இவ்வளவா?"

"இதத்தானே வருஷா வருஷம் கத்திட்டிருக்கேன்." காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். காதுக்கு மேலே, அவள் தலைமுடியில் ஓர் இதழ் நீலமாக ஒட்டியிருந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். என் கண்ணுக்கு வெறும் கறுப்பு முடிதான். படத்தைப் பார்த்துக்கொண்டே கையால் துழாவினேன். இதழ் விரலில் மெத்தென்று பட்டது. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு குனிந்து தலையைக் காட்டினாள்.

"இன்னொண்ணு இருந்தாலும் இருக்கும். நல்லாத் தேடுங்க."

படத்தில் வேறு இதழ் எதுவும் இல்லை. ஆனாலும் தேடினேன்.