பாதிக் கிணற்றில் பதிவான பாட்டு

எங்கள் வீட்டில் இருந்தது பாதிக் கிணறு. தந்தையாரும் அவருடைய அண்ணனான பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, முக்கூடலில் இருந்த எங்கள் நீண்ட வீட்டின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. அது கொல்லை வரை சென்று, கிணற்றின் வாயைக் கல் உத்தரத்தின்மேல் குறுக்கே கடந்து, அப்பால் போய் முடிந்தது. கொத்தனாரால் தண்ணீரை மட்டும் பிரிக்க இயலவில்லை. ஆகவே இரு வீட்டாரும் ஒரே நீரைப் பருகினார்கள். ஆறு ஆண்டுகளாக ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. சகோதரர்களில் இளையவரான சித்தப்பா எங்களுடன் இருந்தார். வயிற்றுக்குத் துணிக்கடை வேலை, உயிருக்குப் பாட்டு. காலையில் கிணற்றடியில் குளித்தபடியே வரி வரியாகக் கட்டுவார். நண்பர் ஒருவர் கழித்துக் கொடுத்த கித்தார், இரவல் வாங்கிய இரண்டு டேப் ரிக்கார்டர்கள், ஒரு மைக் ஆகியவையே அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னல் இல்லாத உள்ளறையின் சுவர்களில் சாக்குகளையும் ஜமுக்காளங்களையும் தொங்கவிட்டுப் பாடிப் பதிந்தார். பதிந்த குரலோ வறண்டு கிடந்தது.

"எதிரொலி வேணும். அதுக்கு மெஷின் வாங்கணும்னா என்னைத்தான் விக்கணும்" என்றார்.

"உன்னை யாரு வாங்குவா?" என்றார் அம்மா.

அப்போதுதான் அவருக்குக் கிணறு நினைவுக்கு வந்தது. பாடிய கேசட்டை ஒரு டேப்பில் இட்டு, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்து, உள்நோக்கிப் பாடவிடுவது. நீருக்கு ஒரு முழம் மேலே தொங்கும் மைக், அந்த முழக்கத்தை வயர் வழியாக உள்ளறையில் இருக்கும் மற்றொரு டேப்புக்கு அனுப்புவது. அவ்வாறு பதிந்ததை ஓடவிட்டு, அதன்மேல் இன்னொரு குரலைப் பாடிச் சேர்த்து, மீண்டும் கிணற்றுக்குள் இறக்குவது. இதுவே அவர் கண்ட முறை. கிணற்றடியில் மூச்சுவிட்டாலும் பாட்டில் விழுந்துவிடும் என்பதால், கேசட்டை ஓடவிட்டதும் அவரும் அறைக்கு ஓடி வந்துவிடுவார். அறையில் பொத்தான்களை அமுக்குவது என் பொறுப்பு.

முதல் பதிவைக் கேட்டபோது, பாட்டுக்கு அடியில் யாரோ முனகினார்கள். சொல் இல்லை, இராகம் மட்டும். அதுவும் தாளத்துக்கு அரை அடி பின்னால்.

"ஏட்டி, நீயா முனகுன?"

"நான் இல்ல சித்தப்பா. நான் வாயே தொறக்கல."

"உன் பாட்டைக் கேட்டு கெணத்துல கெடந்த பேய் முழிச்சிட்டு போலுக்கு" என்று அம்மா சிரித்தார்.

இரண்டாம் பதிவில் அவர் சிரிக்கவில்லை. முனகல் இப்போது தடித்திருந்தது. மூன்றாவது வரியில் அது பாட்டுக்கு முன்னதாகவே வந்து, அடுத்து வரவேண்டிய இராகத்தை இழுத்துக்கொண்டு நின்றது. பாட்டு பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. சித்தப்பா புதிதாகக் கட்டி, எவருக்கும் பாடிக்காட்டாத பாட்டு அது. பிற்பகல் மூன்று மணி வெயிலில் என் கைகளில் மயிர்க்கூச்செடுத்தது.

இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் பெரியப்பாவுக்கு வாதம் வந்து, வலக்கையும் பேச்சும் போய்விட்டன. பால்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சித்தப்பா பார்க்கப் புறப்பட்டபோது, "அந்தப் படி ஏறுனா இந்தப் படி ஏறாதே" என்று தந்தையார் தடுத்துவிட்டார். ஆனால் அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்ததை நான் பார்த்தேன். பெரியப்பா அதிக நாள் தாங்கமாட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாலையில் தந்தையார் கேசட்டைக் கேட்டார். இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார்.

"அண்ணே, இது பெரியண்ணன் குரல் மாதிரியே இருக்கு" என்றார் சித்தப்பா.

"அவருக்குத்தான் பேச்சே போயிட்டுல்லா. பேச முடியாதவரு எப்பிடிலே பாடுவாரு?"

"அப்ப கெணத்துக்குள்ள யாருண்ணே இருக்கா?"

தந்தையார் டேப்பை நிறுத்தினார். "அழிச்சிரு" என்றார்.

"அதை மட்டும் அழிக்க முடியாதுண்ணே. பாட்டோட கலந்துட்டு. அழிச்சா ரெண்டும் சேந்துதான் போகும்."

"சரி. நாளைக்கு இன்னொரு தடவை பதி."

பேச்சு போனவர்களுக்கும் சிலவேளை பாட்டு மிஞ்சியிருக்கும் என்பதை, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மருத்துவர் வாயிலாக அறிந்தேன். அன்றைக்கு அது எங்களில் எவருக்கும் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தந்தையார் முற்றத்தில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கேசட்டை ஓடவிட்டு வந்தார். நான் பொத்தான்களை அமுக்கினேன். அம்மா பயத்தில் எங்களுடனேயே அறைக்குள் அமர்ந்துகொண்டார். முடிந்ததும் போட்டுக் கேட்டோம். முனகல் இருந்தது. மூன்றாவது வரிக்குப் பின் அதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. தடித்த குரல், சுதியும் இல்லை, வரியும் தெரியவில்லை. முதல் முனகல் சற்று நின்று, அதற்காகக் காத்திருந்து, பிறகு அதையும் கூட்டிக்கொண்டு பாட்டின் இறுதிவரை சென்றது.

சித்தப்பா டேப்பை நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க அச்சமாயிருந்தது. "பைய போய்க் கெணத்தடியைப் பாத்துட்டு வா" என்றார்.

கிணற்றடியில் தந்தையார் நின்றார். செய்தித்தாள் துவைகல்லின்மேல் கிடந்தது. குறுக்குச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, தலையைக் கவிழ்த்திருந்தார். சுவரில் விரிசல் பார்க்கிறார் என்று எண்ணினேன்.

"அப்பா, இங்கன நிக்காதீங்க. கெணத்துல இப்ப ரெண்டு பேய் இருக்கு."

அவர் திரும்பவில்லை.

"அதுல எது நல்லாப் பாடுது?"

"பழசுதான். புதுசுக்கு ராகமே வரல."

"ஆமா" என்றார். "அதுக்கு எப்பவுமே வராது."

பிறகு உள்ளே சென்று சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் ஓசை தெரு வழியாக ஒருமுறையும் கிணற்றின் வழியாக ஒருமுறையும் வந்தது. பேயைப் பற்றிப் பெரியப்பாவிடம் முறையிடத்தான் அவர் போகிறார் என்று நினைத்து, இனிமேல் பாட்டு சுத்தமாகப் பதிவாகும் என்று சித்தப்பாவிடம் சொல்ல ஓடினேன்.